மல்பெரிக்கு வைத்த எரு

செடிக்கு எரு வைப்பதில் என்னைவிட அனுபவசாலி யாரும் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். நான்காம் வகுப்பு முடிவதற்குள் ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வெங்காயச் சருகு என்று சகலத்தையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாம் இரண்டே இரண்டு மல்பெரிச் செடிகளுக்கு. அவை பழுத்தால் அப்பா ஊருக்கு வந்துவிடுவார் என்பது எனக்கும் அவருக்கும் இருந்த ஒப்பந்தம்.

அப்பா ரிக் வண்டியில் இருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் இவ்வளவு சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்வதென்றால், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய் யார் யார் காட்டிலோ தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் காட்டில் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். போனால் ஐந்து மாதம், ஆறு மாதம். வந்தால் பத்து நாள். அதிலும் பாதியைத் தூங்கியே கழிப்பார். அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே போகும் மண்ரோட்டில், மானாவாரிக் காட்டுக்கு நடுவில் இருந்தது. எங்கள் பக்கம் அவரவர் காட்டில் அவரவர் வீடு. பக்கத்து வீடு என்றால் கூப்பிட்டால் கேட்காது, ஆனால் அடுப்புப் புகை தெரியும், அந்தத் தூரம். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலைக்குப் போனாள். காலை ஏழு மணிக்குப் பண்ணை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் மாலை ஆறு மணிக்குத்தான் இறக்கிவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். சாவி ஆட்டுக்கல்லுக்கு அடியில் இருக்கும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் போல நீளமான எதையும் நான் பிறகு பார்த்ததில்லை. கதவைத் திறந்ததும் வீடு என்னைப் பார்த்துச் சும்மா இருக்கும். அதனால் உள்ளே போகாமல் பையை வாசலிலேயே வீசிவிட்டுத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். செடிகள் அங்கேதான் இருந்தன. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவளுக்குச் செடியோடு பேசுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது. வாய்ப்பாடு முழுவதையும் அவற்றுக்குத்தான் ஒப்பித்தேன்.

செடிகளை நட்டது அப்பா. அவருடைய சேக்காளி ஒருவர் பட்டுப்பூச்சி வளர்த்தார். பூச்சிக்குத் தீனியாகப் போடும் செடியில் எட்டுக் குச்சிகளை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். துவைக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் அப்பா அவற்றை வரிசையாக ஊன்றினார். நான்கைக் கரையான் தின்றது, இரண்டை ஆடு தின்றது. மிச்சம் இரண்டும் துளிர்த்தபோது அப்பா பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். பொங்கலுக்கு என்பார், நோன்புக்கு என்பார், இதெல்லாம் எனக்குப் பழகிப்போன பதில்கள். இந்தமுறை அவர் கண் செடிமேல் போயிற்று.

"இது வளந்து பழம் பழுக்கட்டும் சாமி. பழுத்த அன்னைக்கு எனக்குச் சொல்லு. வண்டிய அப்படியே நிறுத்திப்போட்டு வந்தர்றேன். மொதப் பழம் அப்பனுக்கு, ஆமா."

அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எரு வைப்பதே என் தொழிலாயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுத் தடத்தில் ஆடுகள் போகும். நான் நெளிந்த வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். புழுக்கை விழ விழப் பொறுக்குவேன். ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருநாள் நின்று திரும்பிப் பார்த்து, "ஏஞ்சாமி, இதுக்குப் பேசாம ஒரு ஆட்டையே ஊட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிரேன்" என்றது. எனக்கு அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பண்ணையில் உடைசல் முட்டைகளை வேலையாட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் தினமும் முட்டைதான். ஓடுகளைக் காயவைத்து ஆட்டுக்கல்லில் நுணுக்கித் தூரில் தூவினேன். ஸ்கேலை வைத்துச் செடியை அளந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். தை மாதம் செடிகள் என் தோள் உயரம் வந்தன. மாசியில் இலைக்காம்பு ஒவ்வொன்றுக்கும் அடியில் பச்சையாக, சின்னக் கம்பளிப்புழு மாதிரி காய்கள் தென்பட்டன.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வார். அப்போதெல்லாம் வாராவாரம் என்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருந்தது. காய் வந்துவிட்டது என்று நான் கத்திய கத்தலில் அவர் காது அடைத்திருக்கும்.

"அப்படியா சாமி!" என்றார். அப்புறம், "பழுக்கட்டும், பழுக்கட்டும்" என்றார்.

ஆனால் பழுக்கவில்லை. சாயங்காலம் எண்ணும்போது பதினான்கு காய்கள் இருக்கும், அதில் ஐந்தாறு லேசாகச் சிவந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் சிவந்தவற்றைக் காணோம். பச்சைக் காய்கள் மட்டும் ஒன்றும் தெரியாதவைபோல நின்றுகொண்டிருக்கும். மல்பெரி சிவந்து, அப்புறம் கறுத்தால்தான் பழம். ஒன்றுகூடக் கறுக்கும்வரை நிற்கவில்லை. முதலில் மைனாவைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் அணிலை. பழைய சேலையைக் கிழித்துச் செடியைச் சுற்றிக் கட்டினேன். எனக்கு எட்டாத இடத்தில் அம்மாதான் கட்டிக் கொடுத்தாள். அப்படியும் காணாமல்தான் போயின. அணில் சேலை முடிச்சை அவிழ்க்கவும் படித்திருக்கிறது என்று முடிவுசெய்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ஆட்டையாம்பட்டியில் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கைமுறுக்கு வாங்கிக்கொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். விவசாயம் அவருக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல அவர் என்றைக்கும் தயங்கியதில்லை. என் வழக்கைக் கேட்டுவிட்டுச் செடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"அணிலும் இல்ல, கிணிலும் இல்ல. சத்துப் பத்தாம உதுருது. நாமக்கல் சீமையில குடியிருந்துக்கிட்டு எருவுக்குப் பஞ்சமா? கோழி எருவ ரெண்டு கூடை போட்டு உடு சாமி, கல்லுங்கூடக் காய்க்கும்."

"சும்மா இருங்கண்ணா" என்றாள் அம்மா. "கோழி எரு சூடு. பச்சையாப் போட்டா செடி வெந்து போயிரும். ஆறு மாசமாச்சும் ஆறோணும்."

ஆறு மாதம் என்ற சொல்லே எனக்கு ஆகாது. அப்பா போகும்போது சொல்லும் கணக்கு அது. அதனால் அம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மாமா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன். சாப்பிட்ட பிறகு அவர்கள் இருவரும் வேப்பமரத்தடியில் வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முறுக்கோடு போனதும் பேச்சு நின்றது. அம்மாவின் முகம் சரியில்லை. மாமா என் தலையைத் தடவி, இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தடத்தோரக் காட்டில் ஒரு டிராக்டர் வந்து கோழி எருவைக் கொட்டிவிட்டுப் போயிற்று. பண்ணையிலிருந்து அன்றைக்கு அள்ளியது. எங்கள் பக்கத்து விவசாயிகள் இப்படிக் கொட்டி, தண்ணீர் விட்டு, மாதக்கணக்கில் ஆறப்போட்ட பிறகுதான் காட்டுக்கு இறைப்பார்கள். அது பொடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குவியலில் கையை வைத்தால் சுட்டது. எங்கள் வீட்டில் சூடாக இருப்பது எதுவும் நல்லதுதான் என்று அன்றைக்கு என்னவோ எனக்குத் தோன்றிவிட்டது. கண் எரிய எரிய இரண்டு சாயங்காலம் வாளி வாளியாகச் சுமந்தேன். பதினேழு வாளி. செடிகளின் தூர் தெரியாத அளவுக்குக் குவித்து, மேலே வேப்பஞ்சருகைப் பரப்பி மறைத்தேன். மூன்றுமுறை சோப்புப் போட்டுக் குளித்தேன். அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டபோதும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவள்மேலும் அதே வாசம்தான் அடித்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று இரட்டைவரி நோட்டில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது எருவுக்கும் சேர்த்துத்தான் என்று டீச்சர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இலைகளின் ஓரம் கருகியது. நான்காம் நாள் இலைகள் முழுக்கப் பழுப்பாகிச் சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின. காய்கள் எல்லாம் வாடித் தொங்கின. நான் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு சத்தமாக அழுதாலும் அங்கே யாருக்கும் கேட்காது. அது தெரிந்திருந்ததால் கொஞ்சநேரத்தில் சத்தம் தானாகவே அடங்கிவிட்டது. இனி அப்பா வரமாட்டார், அதற்குக் காரணம் நான்தான் என்பது மட்டும் அடங்காமல் நெஞ்சில் நின்றது.

ஆறு மணிக்கு அம்மா வந்ததும் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நாந்தாம்மா கொன்னுபோட்டேன். அப்பா இனி வரமாட்டாரு."

அம்மா அடிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடியே செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

எருவை முழுக்கக் கையாலேயே தோண்டி எடுத்தாள். எங்களுக்குப் பஞ்சாயத்துக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அன்றைக்குத்தான் பிடித்து வைத்திருந்த தொட்டித் தண்ணீரை, குடிப்பதற்கு ஒரு குடம் நிறுத்திக்கொண்டு, மிச்சம் அத்தனையையும் செடித் தூரில் ஊற்றினாள். சூடு இறங்க வேண்டுமாம். பிறகு அரிவாளை எடுத்து இரண்டு செடிகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாள். நான் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேரு வேகலைன்னா தழைச்சுக்கும். அழுகாத. ஒன்னால ஒண்ணும் ஆகல கண்ணு" என்றாள். "ஒன்னால ஒண்ணும் ஆகல" என்று இன்னொரு முறையும் சொன்னாள்.

மறுநாள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் அப்படியே வேலைக்குப் போனாள்.

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டபோது அந்த மொட்டைக் குச்சிகள் துளிர்த்திருந்தன. சாதாரணத் துளிர் இல்லை. மண்ணில் இறங்கியிருந்த எரு இப்போது ஆறிவிட்டிருக்க வேண்டும். வெட்டின இடத்திலெல்லாம் நான்கைந்து கிளைகள் வெடித்துக் கிளம்பின. கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு காய்கள். என்னால் எண்ண முடியவில்லை, நூற்றுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். மாமாவின் வாக்குப் பலித்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா ஃபோன் செய்யவில்லை. சைட்டில் டவர் இருக்காது என்று அம்மா சொன்னாள்.

லீவு என்பதால் நாள் முழுக்க நான் செடிக்குக் காவல் இருந்தேன். பகலில் ஒரு மைனாவும் வரவில்லை, ஒரு அணிலும் வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் சிவந்திருந்தவை காலையில் இருப்பதில்லை.

ஒருநாள் விடியற்காலையில் கரண்ட் போய் ஃபேன் நின்றது. புழுக்கத்தில் விழித்துக்கொண்டேன். பக்கத்தில் பாயில் அம்மா இல்லை. பின்கதவு திறந்திருந்தது. கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. இரண்டு செடிகளுக்கும் நடுவில் அம்மா குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் சிவந்த காய்களைப் பறித்துப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மென்று முடிக்கும் முன்பே அடுத்த பிடியைப் போட்டாள். காய் அத்தனை இருந்தது. விடிவதற்குள் முடிக்க அவளால் முடியவில்லை. மோவாயில் சாறு வழிந்துகொண்டிருந்தது.

"நீயா?" என்றேன். "நீதானா இத்தன நாளும்?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். வாய் நிறைய இருந்ததால் உடனே பேச முடியவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"ஆமா சாமி" என்றாள். "எனக்கு ஆச அடங்கல. தின்னுபோட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அம்மாவைத் திருடி என்று சொன்னேன். நீ திங்கத்தான் நான் எரு சுமந்தேனா என்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது. மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி பேசாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். அம்மா என் தட்டில் அவித்த முட்டையை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

அப்பாவுக்குச் சத்தீஸ்கரில் இன்னொரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒரு பெண்ணும் நடை பழகுகிற ஒரு பையனும் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் மாமா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அம்மாவுக்கு அது ஏற்கெனவே அரைகுறையாகத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய இன்னும் ஆறு வருடங்கள் ஆயின. பழம் பழுத்தால் நான் ஃபோனில் கூப்பிடுவேன், அவர் வரமாட்டார். அந்த நாளைத் தள்ளிப்போட அம்மாவுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். பறித்ததைத் தூக்கி எறியவும் முடியாது, அந்தக் காட்டில் நான் கால் வைக்காத இடம் கிடையாது. அதனால் பழுக்காத அந்தப் புளிப்பை எல்லாம் வெறும் வயிற்றில் அவளே தின்று தீர்த்தாள். செடி கருகியபோது அதை அப்படியே விட்டிருந்தால் அவளுக்கு வேலை மிச்சம். ஆனால் நான்தான் கொன்றேன் என்ற நினைப்பு எனக்கு ஆயுசுக்கும் இருந்திருக்கும். அப்படி நான் நினைத்துவிடக் கூடாது என்றுதான் அன்றைக்குத் தொட்டித் தண்ணீரை எல்லாம் கொட்டினாள். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக, மிகவும் தாமதமாகக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் ஃபோன் வந்தது. அம்மா எடுப்பதற்குள் நான் பாய்ந்து எடுத்துவிட்டேன். எங்கிருந்தோ பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சைட்டுக்காரர் வீட்டுக் குழந்தை என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் புகார் சொன்னேன்.

"அப்பா, செடி எப்பவோ பழுத்துருச்சுங்கப்பா. அம்மாதான் ஒங்களுக்கு வெக்காம எல்லாத்தையும் திருட்டுத்தனமாத் தின்னுபோட்டா. அதான் நான் ஒங்களக் கூப்பிடல. இனிமேலு ராத்திரியெல்லாம் நானே காவல் இருக்கறேன். நீங்க வந்துருங்க. இல்லீன்னா என்னைய அங்க கூட்டிக்கிட்டுப் போயிருங்க, அம்மா இங்கயே இருக்கட்டும்."

டவர் போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"அம்மாகிட்டக் குடு சாமி" என்றார் கடைசியில்.

அம்மா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கினாள். அவர் என்னவோ பேசினார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்மேலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

"ஆமாங்க" என்றாள். "கொழந்தை சொல்றது நெசந்தானுங்க. நாந்தான் தின்னுபோட்டேன். நீங்க வர வேண்டாமுங்க."

ஃபோனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தப்பை எங்கள் இரண்டு பேரிடமும் ஒப்புக்கொண்டுவிட்டாளே, இனிமேல் வேண்டுமானால் அவளோடு பேசலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.